மூடப்பட்ட வால்வு

லிபியாவில் 1950-களில் எண்ணெய் தேடித் துளையிட்டவர்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை சகாராவின் அடியில் தேங்கிக் கிடந்தது. கடற்கரைக் கிணறுகள் உப்பேறிவிட்ட நாட்டுக்கு அது பெரும் அருட்கொடை. 1984-ல் கடாபி அரசு வேலையைத் தொடங்கியது. 4 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் குழாய்களில் 1991-ல் பெங்காசிக்கும் 1996-ல் திரிப்போலிக்கும் தண்ணீர் வந்தது. சொந்த எண்ணெய்ப் பணத்தில் செய்த சாதனை, பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் வியாபாரம் தெரிந்த சகோதரர்களே, முதலையே எடுத்துச் சாப்பிடும் கடை எத்தனை நாள் ஓடும்? அந்த நிலத்தடி நீருக்குப் புது வரவு அநேகமாக இல்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. ஊருக்கு ஊர் கிணறு இருந்தால் எல்லோரையும் ஒரே நாளில் தாகத்தில் தள்ள எவனாலும் முடியாது. ஒரே குழாயை நம்பினால் முடியும். 2011 ஜூலையில் நேட்டோ விமானங்கள் பிரேகாவிலிருந்த குழாய்த் தொழிற்சாலையைத் தாக்கின. அங்கிருந்து ராக்கெட் ஏவினார்களாம்! அடுத்த மாதமே திரிப்போலி தண்ணீரின்றித் தவித்தது. 2019 மே மாதத்தில் தாக்கியவர்கள் அந்நியர்கள் அல்ல. உள்நாட்டு ஆயுதக் கும்பலொன்று நீர் நிலையத்தில் புகுந்து, ஊழியர்களை மிரட்டி, திரிப்போலிக்குப் போகும் தண்ணீரை நிறுத்தியது. அது ரமளான் மாதம். நகரமே நோன்பிலிருந்தது.