தோண்டும் காலத்தின் கணக்கு

மாசுபட்ட தொழிற்சாலை நிலத்தைச் சீரமைக்கும் திட்ட அறிக்கை எதைப் புரட்டினாலும் இரண்டு அட்டவணைகள் தவறாமல் இருக்கும். மண்ணில் இப்போது ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்று ஒன்று. வேலை முடிந்த பிறகு எவ்வளவாகக் குறைந்திருக்க வேண்டும் என்று இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே சில மாதங்களோ சில வருடங்களோ ஓடுகின்றன. மண் தோண்டப்பட்டு, குவிக்கப்பட்டு, லாரியில் ஏறி, ஊர் வழியே போய் வேறிடத்தில் இறங்குகிற காலம் அது. அப்போது அக்கம்பக்கத்தார் எதைச் சுவாசித்தார்கள் என்பதற்கு அட்டவணை இருப்பது அரிது. ‘தூசி எழாமல் தண்ணீர் தெளிக்கப்படும்’ என்ற ஒற்றை வரியோடு பெரும்பாலும் அந்த அத்தியாயம் முடிந்துவிடும். மாசுபட்ட இடங்களின் மேலாண்மைக்கான விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்துவிட்டது. இடத்தை அடையாளம் காண்பதற்கான படிநிலைகளும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற பொறுப்பும் இப்போது எழுத்தில் இருக்கின்றன. விதிகள் ஒழுங்காக நடைமுறைக்கு வந்தால் அடுத்த பத்தாண்டில் நம் துறை நிறையத் தோண்டப் போகிறது. அதற்கு முன் கார்பியில் நடந்ததை நாம் ஒருமுறை நிதானமாகப் படித்துவிட வேண்டும்.

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் இருக்கிறது கார்பி. 1930களில் ஸ்டூவர்ட்ஸ் அண்டு லாயிட்ஸ் நிறுவனம் அங்கே எஃகு ஆலை கட்டியது. ஸ்காட்லாந்திலிருந்து தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து குடியேற, சின்னக் கிராமம் நகரமானது. 1980இல் அங்கே எஃகு உருக்குவது நின்றது. வேலை போன ஊருக்குப் புதுத் தொழில்கள் வர வேண்டுமென்றால் ஆலை நின்ற நிலம் தேவை. நகர மன்றம் சுமார் 680 ஏக்கரை பிரிட்டிஷ் ஸ்டீலிடமிருந்து வாங்கிச் சீரமைப்பில் இறங்கியது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உலைத் தூசி, கசடு, கழிவுக் குளத்துச் சேறு என்று காட்மியமும் ஈயமும் குரோமியமும் டயாக்சினும் கலந்ததையெல்லாம் அள்ளி, ஊருக்கு வெளியே இருந்த பழைய டீன் குவாரியில் கொட்டினார்கள். லாரிகள் வருடக்கணக்கில் பொதுச் சாலையில் ஓடின. சுமைகள் சரியாக மூடப்படவில்லை, சக்கரங்கள் சரியாகக் கழுவப்படவில்லை. வழிந்த சேறு சாலையில் காய்ந்தது. பின்னால் வந்த வண்டிகள் அதைப் பொடியாக்கின. மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது. அந்த ஆண்டுகளில் கார்பியில் கை விரல்கள் முழுதாக உருவாகாமல் பல குழந்தைகள் பிறந்தன. பதினெட்டுப் பேர் சார்பில் தொடரப்பட்ட வழக்கில், 1985 முதல் 1997 வரை நகர மன்றம் இந்தப் பணியைக் கையாண்ட விதம் பெரும் கவனக்குறைவு என்று நீதிபதி ஏக்கன்ஹெட் 2009 ஜூலையில் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு நகர மன்றம் மன்னிப்புக் கேட்டு இழப்பீட்டுக்கு இணங்கியது. இதெல்லாம் 2025இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்துவிட்டது. தொடர் பேசுவது தாய்மார்களின் போராட்டத்தை. நாம் பார்க்க வேண்டியது அந்த லாரிகளை.

ஆலை ஓடிய காலத்துப் புகைக்காகவோ, கிடப்பில் கிடந்த கழிவுக்காகவோ அந்தத் தீர்ப்பு வரவில்லை. கழிவை அகற்றிய வேலைக்காக வந்தது. எவ்வளவு பெரிய, எவ்வளவு சிக்கலான வேலையில் இறங்குகிறோம் என்பதை மன்றத்தினர் உணரவே இல்லை என்பது நீதிபதியின் முடிவு. மாசுபட்ட மண்ணைக் கையாண்ட அனுபவம் போதாதவர்கள் அதைச் சாதாரண மண்வேலையாகவே நடத்தினார்கள். சாதாரண மண்வேலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் எஸ்டிமேட் போடும்போது மறந்துவிடுகிறோம். உலோகங்கள் மண்ணில் சீராகப் பரவியிருப்பதில்லை. பரு மணலைவிட நுண் துகள்களில்தான் அதிகம் ஒட்டியிருக்கும். மண் கழுவும் முறையே இதை நம்பித்தான் நடக்கிறது: மணலையும் சரளையையும் பிரித்து மீட்டுக்கொண்டு, நச்சு திரண்ட நுண்சேற்றைத் தனியே எடுக்கிறோம். அதே நுண் துகள்தான் முதலில் காற்றில் ஏறுகிறது. ஆகவே ஆய்வகத்தில் மொத்த மண்ணை அரைத்துப் பார்த்துக் கிடைத்த மில்லிகிராம் கணக்கைவிட, பக்கத்துத் தெருவில் பறக்கும் தூசியில் உலோகம் கூடுதலாகவே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் ஆறு இணைதிறன் குரோமியம் உள்ள மண்ணைத் தோண்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வேலிக்கு வெளியே பி.எம்.10 அளவு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். இது நம் தேசியத் தரநிலையின் 24 மணி நேர வரம்பு. கருவி ‘சரி’ என்றுதான் காட்டும். அந்தத் தூசி முழுவதும் இந்த மண்ணிலிருந்தே வந்தால், காற்றில் குரோமியம் கனமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியின்படி, கனமீட்டருக்கு 2.5 நானோகிராம் உள்ள காற்றை வாழ்நாள் முழுக்கச் சுவாசித்தால் பத்தாயிரத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் கூடுதலாக வரலாம். நம் 0.2 மைக்ரோகிராம் என்பது 200 நானோகிராம். ஒரே ஒரு வருடம் சுவாசித்து, அதை எழுபது வருடத்துக்குப் பரப்பிப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே பத்தாயிரத்தில் ஒன்று வந்து நிற்கிறது. தூசி முழுதும் ஒரே மண்ணிலிருந்து வராது, எல்லா நாளும் 100 இருக்காது, உண்மைதான். துகளில் உலோகம் திரள்வதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதும் உண்மைதான். 2009இல் அறிவிக்கப்பட்ட நம் காற்றுத் தரநிலைப் பட்டியலில் பன்னிரண்டு மாசுகள் இருக்கின்றன. ஈயம், ஆர்செனிக், நிக்கல் உண்டு. குரோமியம், காட்மியம், பாதரசம் மூன்றும் இல்லை. பட்டியலில் இல்லாததைக் கருவி தேடாது. ஒப்பந்தக்காரரும் தேட மாட்டார்.

இப்போது நம் இடங்களுக்கு வருவோம். ராணிப்பேட்டை சிப்காட்டில், தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவு கிடக்கிறது. மழை பெய்தால் மஞ்சளாகத் தண்ணீர் கசிகிறது. வெயில் ஏறியதும் அந்த மஞ்சள் தரையில் உப்பாகப் பூக்கிறது. கையால் தொட்டாலே உதிர்கிற அந்த உப்புதான் முதலில் பறக்கும். டிப்பருக்குப் பதினைந்து டன் என்றால் ஒன்றரை லட்சம் டன்னை வெளியேற்றப் பத்தாயிரம் நடை. அந்தப் பத்தாயிரம் நடையும் எந்தத் தெரு வழியாக, எந்தப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி என்பதும் சீரமைப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் சேர வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயமாக ஒதுங்கிவிடக் கூடாது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணில் பாதரசம் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாமா, இன்னும் குறைய வேண்டுமா என்று வருடக்கணக்கில் சண்டை நடந்தது. நியாயமான சண்டை. ஆனால் பாதரசம் ஆவியாகும் பொருள். மண்ணைக் கிளறும்போது எழும் அந்த ஆவியைத் தண்ணீர் தெளித்து அடக்க முடியாது. எந்த மாதத்தில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு பரப்பை ஒரே நேரத்தில் திறந்து வைப்பது என்ற கேள்விக்கும் அந்த அளவு அக்கறை கிடைத்திருக்கலாம்.

கவனமாகச் செய்ய நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. போபால் ஆலையில் மூட்டைகளில் கிடந்த 337 டன் கழிவை 2025 ஜனவரி முதல் நாள் இரவில், கசிவில்லாத 12 கன்டெய்னர்களில், போலீஸ் காவலோடு சுமார் 250 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். ஜூன் முடிவுக்குள் எரித்தும் முடித்தார்கள். பீதம்பூர் மக்களின் எதிர்ப்பு தனிக்கதை. ஆனால் உலகமே பார்த்துக்கொண்டிருந்ததால், கொண்டுபோன வழியில் கவனம் இருந்தது. அதே வளாகத்திலும் சுற்றிலும் 11 லட்சம் டன் மாசுபட்ட மண் இருப்பதாக நீரியும் என்.ஜி.ஆர்.ஐ.யும் 2010இல் மதிப்பிட்டன. அதே கன்டெய்னர் கணக்கில் பார்த்தால் 39,000 நடை. அத்தனை நடைக்கும் போலீஸ் காவல் வராது, தொலைக்காட்சி கேமரா வராது.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது அறிவியல் சார்ந்தது. கார்பியில் தூசிதான் குழந்தைகளின் கைகளைப் பாதித்தது என்பது ஒவ்வொரு குழந்தை விஷயத்திலும் நிரூபிக்கப்படவில்லை. நீதிமன்றத்திலேயே நிபுணர்கள் இரு பக்கமும் நின்று வாதாடினார்கள். தனித்தனியாக நிரூபிக்கும் கட்டம் வருவதற்குள் சமரசம் ஆகிவிட்டது. உண்மை. ஆனால் நமக்குத் தேவையான பாடம் அந்த நிரூபணத்தைச் சார்ந்து நிற்கவில்லை. சேறு சாலையில் விழுந்தது, தூசி வீடுகள் வரை போனது, பொறுப்பானவர்கள் அளக்கவில்லை என்பவையே போதும். அளந்திருந்தால் நகர மன்றத்துக்கே அது தற்காப்பாக இருந்திருக்கும். இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: தோண்டுவது ஆபத்து என்று சொல்லிக் கொடுத்தால், மேலே இரண்டடி மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகத்தான் மாசுபடுத்தியவர்கள் காத்திருக்கிறார்கள். இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ராணிப்பேட்டைக் குவியலை முப்பது வருடம் யாரும் தொடாமல் விட்டதில் நிலத்தடி நீர் தப்பிக்கவில்லை. சும்மா விடுவதற்கும் விலை உண்டு, மூடுவதற்கும் உண்டு, தோண்டுவதற்கும் உண்டு. மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள் என்பதே கோரிக்கை. இன்றைய அறிக்கைகளில் மூன்றாவது விலை மட்டும் விடுபட்டுப் போகிறது.

மூன்றாவது மறுப்பு பணம். டெண்டரில் எல்-1 வந்தவருக்குத்தான் வேலை. தூசிக் கட்டுப்பாட்டை மொத்தத் தொகைக்குள் அடக்கிவிட்டால், குறைத்துக் கேட்பவர் முதலில் வெட்டுவது அதைத்தான். இதற்குத் தீர்வு ஒப்பந்த ஆவணத்திலேயே இருக்கிறது. சக்கரம் கழுவும் தொட்டி, மூடிய சுமை, சாலையை ஈரத்தோடு உறிஞ்சிக் கூட்டும் வண்டி, வேலியோரத்தில் உலோகத்தைத் தனியே அளக்கும் வடிகட்டி மாதிரிகள் ஆகியவற்றை பி.ஓ.க்யூ.வில் தனித்தனி இனங்களாகப் போட்டு, செய்ததை அளந்து பணம் கொடுக்க வேண்டும். செய்யாதவருக்கு அந்தப் பணம் இல்லை. விலை மாறினால் பழக்கம் மாறும் என்பதற்கும் பிரிட்டன்தான் சாட்சி. குப்பைக்கிடங்கு வரி 1996இல் வந்தது. மாசுபட்ட மண்ணுக்கு இருந்த விலக்கும் 2012இல் போனது. தோண்டிக் கொண்டுபோய்க் கொட்டுவது கட்டுப்படியாகாமல் போகப் போக, இடத்திலேயே கழுவிப் பயன்படுத்துவது பரவியது. லண்டன் ஒலிம்பிக் பூங்காவுக்கு ஸ்ட்ராட்ஃபோர்டின் பழைய தொழிற்சாலை நிலத்தைத் தயார் செய்தபோது, மண்ணை அங்கேயே கழுவி, மிகப் பெரும்பகுதியை அங்கேயே திரும்பப் போட்டார்கள். ஊர்ச் சாலையில் லாரி ஓடுவது குறைந்தது என்பதால் அங்கே தூசியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வேலிக்குள் இருக்கும் தூசியை அளக்கவும் அடக்கவும் முடியும்.

புதிய விதிகளின் கீழ் சீரமைப்புத் திட்டங்களை எழுதப் போவதும், அவற்றைச் சரிபார்த்து ஒப்புதல் தரப்போவதும் இந்த இதழின் வாசகர்கள்தான். திட்ட அறிக்கை உங்கள் மேசைக்கு வரும்போது முதலில் லாரிப் பாதையின் வரைபடத்தைத் தேடுங்கள். அடுத்து, அந்தப் பாதையோரத்தில் எந்த உலோகத்தை, எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பார்கள், எந்த அளவு வந்தால் வேலையை நிறுத்துவார்கள் என்ற பக்கத்தைத் தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.