ஒரு வண்டிக்கு அரை டஜன் வாரண்டி

ஏனுங்க, அட்வான்ஸ் செக் வாங்க வந்தப்போ மட்டும் கோபிசெட்டிபாளையம் எங்கே இருக்குதுன்னு தெரிஞ்சுதுங்களா? புனேயிலிருந்து உங்கள் கேரவன் கம்பெனி ஆள் கோயம்புத்தூருக்கு விமானத்தில் வந்தார். அங்கிருந்து கார் பிடித்து எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். இளநீர் குடித்தார். "இந்தியா முழுக்க நம்ம சர்வீஸ் இருக்கு சார், ஒரு போன் போதும்" என்றார். இன்றைக்கு மேற்கூரை ஒழுகுகிறது, ஏசி அரை மணிக்கு ஒருமுறை நின்று போகிறது, கழிவுத் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் பட்டை விட்டுப்போய்த் தொட்டி தொங்குகிறது என்று போன் போட்டால், "வண்டியை இங்கே கொண்டுவந்து விடுங்க, பார்க்கிறோம்" என்கிறீர்கள். போக மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அந்த இந்தியாவில் ஈரோடு மாவட்டம் சேரவில்லையா?

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். கோபியைச் சின்னக் கோடம்பாக்கம் என்பார்கள். இயக்குநர் பாக்யராஜ் பிறந்த வெள்ளாங்கோயில் பக்கத்தில்தான். கொடிவேரி அணையில் தண்ணீர் விழுவதையும் தடப்பள்ளி வாய்க்கால் கரையையும் படத்தில் பார்க்காத தமிழர்கள் குறைவு. அந்தக் காலத்தில் நடிகைகள் தோட்டத்து வீட்டில் உடை மாற்றிக்கொள்வார்கள். வீட்டுக்காரம்மா மோர் கொடுப்பார். இப்போது கேரவன் இல்லாமல் சினிமா யூனிட் ஊருக்குள் நுழைவதில்லை. நான் பல வருஷம் யூனிட் வேன் ஓட்டினவன். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கேரவன் வந்து வாடகை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து, நாமே ஒன்று வாங்கி ஓட்டினால் என்ன என்று இறங்கினேன். பாதிக்கு வங்கிக் கடன். மீதிக்கு வீட்டில் இருந்த நகை.

"ஏப்பா, பக்கத்துலயே கரூர் இருக்குது, அங்கே கட்டியிருக்கலாமில்ல?" ஊரில் எதிரே வருகிற ஒவ்வொருவரும் கேட்டாயிற்று. கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பஸ் பாடிக்குக் கரூர், லாரி பாடிக்கு நாமக்கல், ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு என்று எனக்கும் தெரியும். ஆனால் கேரவன் என்பது படுக்கை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த வண்டி. அதற்கென்று தனித் தர விதி இருக்கிறது, அனுமதி பெற்ற மாடலாக இருந்தால்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சிக்கல் இல்லாமல் டி.என். 36 நம்பர் போடுவார்கள். அனுமதி பெற்ற மாடல், கையில் தயார், நாடு முழுக்க வாரண்டி. இந்த மூன்றையும் எழுத்தில் கொடுத்தவரிடம் வாங்கினேன். எழுதிக் கொடுத்தவனை விட்டுவிட்டு நம்பினவனைக் குடைகிற வழக்கம் நம் ஊரில் எப்போது ஒழியுமோ!

ஒழுகலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏசி உட்கார்வதற்காகக் கூரையில் சதுரமாக ஓட்டை வெட்டியிருக்கிறார்கள். அந்த ஓட்டையின் நாலு ஓரத்துக்கும் சீலண்ட் போட வேண்டும். மூன்று ஓரத்துக்குத் தாராளமாகப் போட்டவர், நாலாவதில் டியூப் தீர்ந்ததோ என்னவோ, நூல் மாதிரி இழுத்துவிட்டுப் போயிருக்கிறார். முதல் மழையிலேயே அந்த ஓரம் வாய் பிளந்தது. தண்ணீர் நேரே சொட்டினால்கூடப் பரவாயில்லை, வாளி வைக்கலாம். அது பிளைவுட்டுக்குள் இறங்கி, சுவர் வழியாக ஊர்ந்து, மேக்கப் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நிற்கிறது. மைக்கா அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது. கண்ணாடியைச் சுற்றியிருக்கிற பல்புகளில் பாதி மினுக்குகின்றன. போன மழையில் ஒரு வயதான குணச்சித்திர நடிகர் உள்ளே இருந்தார். வேட்டி நனையாமல் காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டு, "பரவாயில்ல தம்பி, நான் நாடகக் கொட்டாயில மழைக்கு நனைஞ்சவன்" என்றார். அவர் பெருந்தன்மை அது. யூனிட் மேனேஜருக்கு அதெல்லாம் கிடையாது, அன்றைய வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் கோவையிலிருந்து வேறு கேரவன் வந்து நின்றது.

சரி, வாரண்டி இருக்கிறதே என்று ஃபைலைத் திறந்தால் ஒன்றல்ல, அரை டஜன் இருக்கிறது. சேஸிஸ் கம்பெனிக்கு ஒன்று. மேலே பாடி கட்டினவருக்கு ஒன்று. ஏசிக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, தண்ணீர்ப் பம்புக்கு ஒன்று. ஒவ்வொரு தாளிலும் முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. சேஸிஸ் சர்வீஸ் சென்டரில் அன்பாகப் பேசினார்கள்: "எஞ்சின் தங்கமா இருக்குதுங்ணா. மேல இருக்கிறது எதுவும் எங்களுது இல்லீங்." ஏசிக்காரர், மெஷின் நன்றாக இருக்கிறது, வயரிங் சரியில்லை, அது பாடி கட்டினவர் தலைவலி என்றார். பாடி கட்டினவர், ஏசிதான் அதிகக் கரண்ட் இழுக்கிறது, ஏசி கம்பெனியைக் கேளுங்கள் என்றார். இன்வெர்ட்டர் கம்பெனியில் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது மொத்தமாக விற்ற சரக்கு, உங்கள் பெயரில் பதிவே இல்லை என்று வைத்துவிட்டார்கள். எல்லோர் சொல்வதையும் கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு சாமானும் நல்ல சாமான். வண்டி மட்டும்தான் கெட்டுப்போயிருக்கிறது! பணம் வாங்கும்போது இது ஒரே வண்டியாக இருந்தது, ஒரே பில், ஒரே கையெழுத்து. கேட்கப் போகும்போது மட்டும் ஏன் ஆறாகிறது?

போட்டோ கேட்டீர்கள், அனுப்பினேன். வீடியோ கேட்டீர்கள், அனுப்பினேன். மழை பெய்யும்போது எடுத்த வீடியோ வேண்டும் என்றீர்கள். கோபியில் உங்கள் வசதிக்கு மழை பெய்யுமா? பெய்தது, அதையும் எடுத்து அனுப்பினேன். "அப்ரூவல் மேல போயிருக்கு சார்" என்று உங்கள் ஆபீஸில் போன் எடுக்கிற பெண் சொல்லிக்கொண்டே இருந்தார். பாவம், அவரைத் திட்டி என்ன செய்ய? எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார்.

எல்லாவற்றையும்விட வயிறெரிவது இதற்குத்தான். சத்தி ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற தம்பி ஏறிப் பார்த்துவிட்டு, "அண்ணா, கூரை அரை நாள் வேலைங்ணா. தொட்டிக்கு ரெண்டு பட்டை வெல்டு பண்ணினா தீர்ந்துது. நீங்க சாமான் காசு மட்டும் குடுங்க" என்றான். அவனைத் தொட விட முடியவில்லை. வெளி ஆள் கை வைத்தால் வாரண்டி செல்லாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நாட்டுக்கே மோட்டார் பம்பு செய்து அனுப்புகிற கோயம்புத்தூருக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, உள்ளங்கை அளவு இருக்கிற ஒரு 12 வோல்ட் பம்பைக் கழற்ற எனக்கு அனுமதி இல்லை. பழுது பார்க்கும் உரிமை என்று 2022இல் மத்திய அரசு குழு போட்டது, டிராக்டரும் வாகனமும் அதில் உண்டு என்றார்கள், இணையதளமும் திறந்தார்கள். சத்தி ரோட்டுப் பட்டறைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

கொண்டுபோகவே கூடாது என்று நான் அடம் பிடிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் தராத வண்டி. பண்ணாரி செக்போஸ்ட்டில் நேரம் பார்த்து நிற்க வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து திம்பம் மலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. அதில் குறை சொல்ல மாட்டேன், வண்டியில் அடிபட்டுக் காட்டு ஜீவன்கள் செத்ததெல்லாம் நாங்கள் கண்ணால் பார்த்தது. ஆனால் 27 கொண்டை ஊசி வளைவில், தொட்டி தொங்குகிற வண்டியை ஏற்றி, மைசூர், ஹூப்ளி, கோலாப்பூர் என்று டோல் கட்டிக் கொண்டுபோய் உங்கள் வாசலில் நிறுத்தினால், எத்தனை நாளில் தருவீர்கள் என்று கேட்டேன். "பார்ட் வந்தா சொல்றோம்." டீசல் யார் காசு? என் காசு. டோல்? என் காசு. ஓடாத நாளின் வாடகை நஷ்டம், இ.எம்.ஐ., இன்சூரன்ஸ்? என் தலை. வண்டி உங்கள் ஷெட்டில் நிற்கிற நாளும் வாரண்டிக் காலத்தில் கழியுமாம். நீங்கள் எவ்வளவு மெதுவாகப் பார்க்கிறீர்களோ அவ்வளவுக்கு உங்கள் கடன் தீர்கிறது!

வக்கீலிடம் போனேன். ஒரு விஷயத்தில் நெஞ்சு குளிர்ந்தது. பழைய 1986ஆம் வருஷச் சட்டப்படி விற்றவர் இருக்கிற ஊரிலோ வழக்குக்குக் காரணம் எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வாங்கினவர் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையம், கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. ஆக ஈரோட்டிலேயே போட்டேன். பில்லில் "வழக்கு புனே எல்லைக்கு மட்டும்" என்று நீங்கள் அடித்திருப்பதைப் பார்த்து வக்கீல் சிரித்தார்.

உங்கள் பதில் மனு வந்தபோது சிரிப்பு நின்றது. கூரை ஒழுகுகிறதா இல்லையா என்று அதில் ஒரு வரி இல்லை. மனுதாரர் வண்டியை வாடகைக்கு விடுகிறார், ஆகவே அவர் நுகர்வோரே இல்லை என்று இருக்கிறது. இதற்கு ஆதாரமாக ஒரு தீர்ப்பு. 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்து எனக்கு வியப்பு. மகாராஷ்டிரத்தில் இருந்த லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டில் ஒரு இயந்திரம் வாங்கியிருக்கிறது. கோளாறு என்று வழக்கு. மாநில ஆணையம் இழப்பீடு கொடுக்கச் சொல்லியது. தேசிய ஆணையமும் உச்ச நீதிமன்றமும், தொழிலுக்காக வாங்கியவர் இந்தச் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார் என்று முடித்துவிட்டன. இயந்திரம் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே அங்கே இடம் வரவில்லை. அவர்கள் அங்கிருந்து இங்கே வாங்கினார்கள், நான் இங்கிருந்து அங்கே வாங்கினேன். ரோடு ஒன்றுதான் போலிருக்கிறது.

ஆனால் அதே தீர்ப்பை மிச்சத்தையும் படியுங்கள் ஐயா. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கிறவன் நுகர்வோர்தான், கூட ஒருவரோ இருவரோ ஒத்தாசைக்கு இருந்தாலும் அது மாறாது என்று நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். என் வண்டியை நான் ஓட்டுகிறேன். மச்சான் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறான், கழிவுத் தொட்டியை அவன்தான் கழுவுகிறான். இப்போது நான் சுயதொழில்காரன் என்று நான்தான் நிரூபிக்க வேண்டுமாம். பேட்ஜ் போட்ட லைசென்ஸ், பேங்க் பாஸ்புக், யூனிட் கொடுத்த வவுச்சர் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கூரை ஒழுகினதற்கு நான் ஏழை என்று சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கை மூன்று மாதத்திலோ, பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலோ முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. உங்கள் தரப்பு வாய்தா கேட்டுக்கொண்டே இருக்கிறது.

போன வாரம் உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் வாரண்டி விரைவில் முடிகிறது. சலுகை விலையில் மேலும் இரண்டு வருடம் நீட்டித்துக்கொள்ளுங்கள்" என்று, பணம் கட்டுகிற லிங்க்கோடு. என்ன மாமா பதில் போடட்டும் என்று மச்சான் கேட்டான். கட்டுகிறேன் என்று போடச் சொன்னேன். செக் தயாராக இருக்கிறது, வாங்க ஆள் அனுப்புங்கள். வருகிறவர் ஒரு டியூப் சீலண்ட்டும் ஸ்பானர் செட்டும் எடுத்து வரட்டும்.