பாலைவனத்தைப் பெருக்கிய பெண்மணி!



வீட்டைப் பெருக்குவார்கள், வாசலைப் பெருக்குவார்கள். பாலைவனத்தை யாராவது பெருக்குவார்களா? ஒருவர் பெருக்கினார்!

தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டின் நாஸ்கா பாலைவனத்தில், தரையிலேயே பிரம்மாண்டமான ஓவியங்கள் இருக்கின்றன. குரங்கு, சிலந்தி, ஹம்மிங் பறவை என்று நிறைய! நிஜமான ஹம்மிங் பறவை நம் உள்ளங்கையில் அடங்கிவிடும். அங்கே வரைந்திருப்பதோ சுமார் 90 மீட்டர் நீளம்!

இவற்றை வரைய வண்ணமோ தூரிகையோ தேவைப்படவில்லை. அந்தத் தரையின் மேலே கருஞ்சிவப்புக் கற்கள் பரவிக் கிடக்கும். அடியில் இருப்பது வெளிர் நிற மண். கற்களை எடுத்து ஓரமாகக் குவித்தார்கள். வெளிர் மண் கோடாகத் தெரிந்தது. அவ்வளவுதான்! அங்கே மழை மிகமிக அபூர்வம். அதனால், 1,500 ஆண்டுகள் தாண்டியும் அந்தக் கோடுகள் அழியவில்லை.

ஜெர்மனியில் பிறந்த மரியா ரைஷே கணிதம் படித்தவர். 1940களில் அங்கே போனார். துடைப்பத்தால் கோடுகளைச் சுத்தம் செய்தார். ஏணியில் ஏறி நின்று பார்த்தார், அளந்தார், வரைபடம் போட்டார். தன் புத்தகம் விற்ற பணத்தில் காவலுக்கு ஆள் வைத்தார். 1994இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1998இல் இறக்கும்வரை அவருக்கு அந்தக் கோடுகளே உலகம்.

ஆனால், 2014இல் என்ன நடந்தது தெரியுமா? சுற்றுச்சூழலைக் காக்கச் சொல்லி வாசகம் வைக்க வந்த சிலர், ஹம்மிங் பறவைக்கு அருகே தடை செய்யப்பட்ட இடத்தில் நடந்துவிட்டார்கள். காலடித் தடங்கள் அப்படியே பதிந்துவிட்டன. மழை இல்லாத மண், ஓவியத்தைக் காப்பது போலவே காயத்தையும் காக்கும் அல்லவா? நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் போதாது, கவனமும் வேண்டும்.

2024இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள், செயற்கை நுண்ணறிவின் உதவியோடு அங்கே மேலும் 303 உருவங்களைக் கண்டுபிடித்தார்கள். இத்தனை காலமும் யார் கண்ணிலும் படாமல் கிடந்தவை அவை. காலடியில் என்ன பொக்கிஷம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

விடுமுறையில் கோட்டை, கோயில், குகை என்று போவீர்கள். சுவரைப் பார்த்ததும் பெயரை எழுதக் கை துறுதுறுக்கும். அப்போது அந்தத் துடைப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மரியா ரைஷே அந்தக் கோடுகளில் தன் பெயரை எழுதவில்லை. ஆனாலும், உலகம் அவரை மறக்கவில்லை!

அன்புடன்,
ஆசிரியர்