இடமில்லை என்ற காரணம்

அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மௌலானா ஆசாத் நூலகம் ஏழு மாடிகள் கொண்டது. ஆயினும் மகளிர் கல்லூரியின் இளநிலை மாணவியர் அதனுள் சென்று பயில, 2014 நவம்பரில் அலகாபாத் உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இடமில்லை என்பது நிர்வாகம் சொன்ன காரணம். இடம் குறைவென்றால் அது எல்லோருக்கும் குறைவுதான். விலக்கப்பட்டவர்களோ இந்த மாணவியர்.

நூலகம் வடிவமைப்போர் இன்று குழு விவாத அறை, இணையம், மடிக்கணினிக்கு மின்னிணைப்பு என்றே தொடங்குகின்றனர். அவையும் தேவைதான். ஆனால் இரவு எட்டு மணிவரை படித்த பெண் அச்சமின்றி விடுதி திரும்ப இயலுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்: வெளிச்சமான பாதை, வாசலில் பேருந்து, உளூச் செய்து தொழ ஓரிடம்.

பெற்றோர்களே, மகளுக்குக் கல்லூரி தேடுகையில் விடுதியையும் உணவையும் விசாரிக்கிறோம். நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும், அவளுக்கும் சேர்த்துத்தானா என்று கேட்டிருக்கிறோமா?