பதினொரு பேர் வேண்டும்

மாட்டுப்பட்டி அணைக்கு வருகிறவர்கள் யானையைத் தேடுகிறார்கள். நீர்த்தேக்கத்தின் அக்கரைப் புல்மேட்டில் சில நாட்களில் ஒரு கூட்டம் மேயும். யானை வராத நாளில் படகில் ஒரு சுற்று போய்விட்டு, சுட்ட சோளம் தின்றுவிட்டு, டாப் ஸ்டேஷனுக்கு ஜீப் ஏறிவிடுவார்கள். டீக்கடை பெஞ்சில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் 57 வயதுக்காரரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் ஜீப்பைத் தவறவிட வேண்டியிருக்கும். ஏனென்றால் அவர் கால்பந்தைப் பற்றித்தான் பேசுவார். அதிலும் நடந்து முடிந்த ஆட்டத்தைப் பற்றி அல்ல, இனிமேல் நடக்கப்போகிற ஆட்டத்தைப் பற்றி.

அவர் பெயர் இங்கே முக்கியமில்லை. மூணாறைச் சுற்றியுள்ள எந்த எஸ்டேட்டிலும் அவரைப் போல நான்கு பேராவது இருப்பார்கள். தேயிலைக் காட்டில் மூன்றாவது தலைமுறை. தாத்தா ஒரு கங்காணியின் பின்னால் போடியிலிருந்து குரங்கணி வழியாக நடந்தே மலையேறியவர். அப்பா கவாத்து வெட்டினார். இவர் தொழிற்சாலையில் இலை வாட்டும் வேலையில் சேர்ந்தார். தாத்தாவிடமிருந்து இவருக்கு வந்தது மலை. அப்பாவிடமிருந்து வந்தது ஃபின்லே ஷீல்டு.

கண்ணன் தேவன் தோட்டங்களின் எஸ்டேட் அணிகள் மூணாறில் மோதிக்கொள்ளும் கால்பந்துப் போட்டிதான் ஃபின்லே ஷீல்டு. துரைமார் காலத்தில் ஆரம்பித்த வழக்கம். மாட்டுப்பட்டி, குண்டுமலை, கன்னிமலை, வாகவரை, பெரியவரை, நல்லதண்ணி, சைலன்ட் வேலி... வெளியூர்க்காரர்களுக்கு இவை டீத்தூள் பாக்கெட்டில் போடுகிற பெயர்களாகத் தோன்றலாம். அவருக்கு ஒவ்வொரு பெயரும் ஒரு பழைய கணக்கு. யார் யாரிடம் தோற்றார்கள், எந்த கோல் கோலே அல்ல, எந்த ரெஃப்ரிக்குக் கண் சரியில்லை என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் பதிவேடாக இருக்கிறது.

ஷீல்டின் பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஃபின்லே நிறுவனம் 1895இல் இந்த மலைக்கு வந்தது. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவாயிற்று. 1976இல் டாடா ஃபின்லே ஆனது. 1983இல் டாடா டீ ஆனது. 2005இல் டாடா டீ தோட்டங்களைக் கைமாற்றிவிட, பெரும் பகுதிப் பங்குகளை ஊழியர்களே வைத்துக்கொள்ளும் புதிய கம்பெனி வந்தது. மேலே ஆட்சியும் மாறிக்கொண்டே இருந்தது. திருவிதாங்கூராக இருந்த இடம் 1956இல் கேரளமாயிற்று. 1972இல் இடுக்கி மாவட்டத்துக்குள் வந்தது. முதலாளி மாறினார், ராஜ்யம் மாறிற்று, மாவட்டம் மாறிற்று. ஃபின்லே ஊரைவிட்டே போய்விட்டார். ஆனால் ஷீல்டு மட்டும் இன்னமும் ஃபின்லே ஷீல்டுதான். அதை வேறு பெயரால் கூப்பிட எந்தத் தொழிலாளிக்கும் வாய் வரவில்லை.

அடுத்த ஷீல்டில் மாட்டுப்பட்டி ஜெயிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் ஆசை. அதற்கு அவரிடம் ஒரு விஞ்ஞானமும் உண்டு. மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாட்டுப்பட்டி அதைவிட உயரம், 1,700 மீட்டர். மேலே இருந்து கீழே ஆட இறங்குகிறவனுக்கு மூச்சு வாங்காது என்பது அவர் கட்சி. சாட்சிக்குத் தென் அமெரிக்காவையே கூப்பிடுவார். பொலிவியாவின் லா பாஸ் நகரம் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2009 ஏப்ரல் 1 அன்று அங்கே ஆடப்போன அர்ஜென்டினா 6-1 என்று தோற்றது. பயிற்சியாளர் சாட்சாத் மரடோனா; ஆட்டக்காரர்களில் மெஸ்ஸியும் ஒருவர். மரடோனாவுக்கே மலை மூச்சு வாங்க வைத்தது என்றால் மற்ற எஸ்டேட்டுகள் எந்த மூலைக்கு என்று கேட்பார். அந்த மற்ற எஸ்டேட்டுகளிலும் சில மாட்டுப்பட்டியைவிட உயரத்தில் இருக்கின்றன என்று யாராவது ஞாபகப்படுத்தினால், டீ ஆறிவிடும் என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இரண்டாவது ஆசை, ஒரு பையனாவது மலையைத் தாண்டிப் போக வேண்டும். 1990இல் கேரள போலீஸ் அணி ஃபெடரேஷன் கோப்பையை ஜெயித்தது. அப்போது அவர் இளவட்டம். அந்த அணியில் ஆடிய ஐ.எம். விஜயன் திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன். பிற்பாடு இந்திய அணிக்குத் தலைவரானார். 2025இல் பத்மஸ்ரீ வாங்கினார். சோடா விற்றவருக்கு முடிந்தது கொழுந்து எடுப்பவர் மகனுக்கு ஏன் முடியாது என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். உலகத்தின் பெரிய கிளப்புகள் சில தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து வந்தவையே. மான்செஸ்டர் யுனைடெட் 1878இல் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் ஆரம்பித்த அணி. ஆர்செனல் 1886இல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆரம்பித்தது. ஹாலந்தின் பி.எஸ்.வி. ஐந்தோவன் ஃபிலிப்ஸ் பல்பு கம்பெனிக்காரர்களுடையது. நம் நாட்டில் 1987இல் ஜாம்ஷெட்பூரில் டாடா கால்பந்து அகாடமி வந்தது. அன்றைக்கு மூணாறு தோட்டங்களும் டாடா வசமே இருந்தன. எஃகு நகரத்தில் அகாடமி, தேயிலை மலையில் ஷீல்டு. அகாடமி ஆட்டக்காரர்களை வெளியே அனுப்புவதற்கானது. ஷீல்டோ வருஷம் முழுக்க உழைத்த மலைக்கு அதன் சொந்த சந்தோஷம். இரண்டும் ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஆசைப்படுவதற்கு அகாடமியில் சேர வேண்டியதில்லையே.

மூன்றாவது ஆசையைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்கிறது. அடுத்த ஷீல்டுக்கு மாட்டுப்பட்டியிலிருந்து பதினொரு பேர் தேற வேண்டும்.

ஒரு காலத்தில் இது ஆசைப்பட வேண்டிய விஷயமே அல்ல. லயம் என்று சொல்லப்படும் வரிசை வீடுகளில் பையன்கள் நிறைந்து கிடந்தார்கள். ஒரு டிவிஷனிலேயே இரண்டு டீம் போடலாம். டீமில் இடம் கிடைக்காதவன் ஒரு வாரம் வீட்டில் சோறு தின்ன மாட்டான். இப்போது சாயங்காலம் லயத்து மைதானத்தில் பந்து உருளுகிறது, ஆனால் உதைக்க ஆள் எண்ண வேண்டியிருக்கிறது. படித்த பையன்கள் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் எர்ணாகுளத்திலும் இருக்கிறார்கள். படிக்காதவர்கள் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார்கள். கொழுந்துக் காட்டுக்குப் பெயர் பதிய வருகிறவர்கள் குறைவு.

ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்களே, அப்போது அவர்களுடைய ஒரு நாள் கூலி 232 ரூபாய். 500 ரூபாய் கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, பெண்கள் ஒற்றுமை என்று பொருள்படும் 'பெண்பிளை ஒருமை' என்ற பெயரில் தாங்களே போராடி 20 சதவீத போனஸை வாங்கினார்கள். கூலி கடைசியில் 301 ரூபாயில் நின்றது. நம் ரசிகரின் மனைவியும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். ஷீல்டு ஜெயித்த எந்த டீமையும்விட அந்த டீம் நன்றாக ஆடியது என்று அவர் இன்றைக்கும் கணவரிடம் சொல்லிக்காட்டுவார். கணவரிடம் அதற்கு பதில் கிடையாது.

அந்த அம்மாள்தான் இரண்டு பிள்ளைகளையும் தேயிலைக் காட்டுக்குள் விடமாட்டேன் என்று நின்றவர். கணவரும் சம்மதித்தார். மூத்தவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். இளையவன் மாட்டுப்பட்டி-டாப் ஸ்டேஷன் பாதையில் ஜீப் ஓட்டுகிறான். இரண்டு பேருக்கும் கால் நன்றாகப் பேசும். அதிலும் இளையவனுக்கு இடது கால். மாட்டுப்பட்டியில் இடது காலால் உதைக்கிறவன் வேறு யாரும் இப்போது இல்லை.

இந்த இடத்தில்தான் ரசிகர் தனக்குத் தானே 'சேம் சைடு' கோல் போட்டுக்கொள்கிறார். தன் பிள்ளைகள் எஸ்டேட்டில் பேர் போட்டுவிடக் கூடாது. ஆனால் மாட்டுப்பட்டி டீமில் பேர் போட வேண்டும். ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வொரு அப்பாவும் அதையேதான் நினைக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் நல்லபடியாகக் கரையேறிவிட்டால் ஷீல்டுக்கு ஆட யார் இருப்பார்கள்? பிள்ளைகள் தங்கிவிட்டால் அவர்களுக்கு என்ன கதி? ஐம்பது வருஷமாக ஆட்டம் பார்த்தவருக்கும் இதில் எந்தப் பக்கம் கை தட்டுவது என்று புரியவில்லை.

இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவருக்கு 58 வயதானதும் ஓய்வு. மனைவி ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டார். குடும்பத்தில் ஒருவராவது எஸ்டேட் வேலையில் இருந்தால்தான் லயத்து வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். மூன்று தலைமுறை வாழ்ந்த வீடு என்றாலும் அது வேலையோடு வந்த வீடு, வேலையோடு போகிற வீடு. லயத்து வாழ்க்கை சொர்க்கம் என்று அவர் சொல்வதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவில் ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேரைக் கொண்டுபோயிற்று. தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு, பலத்த மழை பெய்யும் ராத்திரிகளில் அவர் வீட்டில் விளக்கு அணைவதில்லை. ஆனாலும் இறங்கிப் போவது என்றால் எங்கே? தென்காசிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இவர் மூணாறுக்காரர். ஷீல்டு நடக்கும்போது அங்கிருந்து பஸ் பிடித்து வரலாம்தான். அப்படி வந்தால் அவர் விருந்தாளி. கோலுக்குப் பின்னால் நின்று ரெஃப்ரியைத் திட்டுகிற உரிமை விருந்தாளிக்குக் கிடையாது என்று அவர் நம்புகிறார்.

ஆக அடுத்த ஷீல்டுதான் அவர் உள்ளூர்க்காரராக நின்று பார்க்கப்போகிற கடைசி ஷீல்டு. பதினொரு பேரை எண்ணுகிற வேலையை அவர் இவ்வளவு சீக்கிரமே தொடங்கிவிட்டதற்கு இதுதான் காரணம்.

எண்ணிக்கையில் ஒரு புதுப்பெயர் சேர்ந்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் விட்டுப்போன வேலைக்கு ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் வந்திருக்கின்றன. காலியான லயங்களில் குடியேறியிருக்கின்றன. அதில் ஜார்கண்ட் குடும்பத்துப் பையன் ஒருவன், பதினெட்டு வயது இருக்கும், சாயங்காலம் மைதானத்தின் ஓரத்தில் வந்து நிற்பான். ஒருநாள் ஆள் குறைந்தபோது கூப்பிட்டார்கள். வெறுங்காலோடு இறங்கினான். பந்து அவன் காலைவிட்டுப் போகவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடித்தான் பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றார்கள் என்று ரசிகர் பெஞ்சில் இருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னார். தோற்றதைச் சொல்லிப் புகழ்கிற ஒரே ஆள் நீங்கதான் மாமா என்றார்கள்.

வாக்குவாதம் பிறகு வந்தது. அந்தப் பையனை ஷீல்டுக்கு இறக்கலாமா? அவன் நம்ம ஆளா? தமிழ் தெரியாது, நேற்று வந்தவன், நாளைக்குப் போய்விடுவான் என்று ஒருவர் சொன்னார். அதற்கு ரசிகர் சொன்ன பதிலை டீக்கடையில் இப்போது எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள்.

"எங்க தாத்தா மட்டும் என்ன, இங்கேயேவா முளைச்சாரு? அவரும் நேத்து வந்தவருதான்."

யாரும் மறுக்கவில்லை. மாட்டுப்பட்டியில் மறுப்பதும் சிரமம். சுவிட்சர்லாந்து மாட்டையும் உள்ளூர் மாட்டையும் இணைத்து சுனந்தினி என்ற கலப்பினத்தை உருவாக்கிய கால்நடைப் பண்ணை 1963இலிருந்து அங்கேதான் இருக்கிறது. வந்த இடத்தில் ஊன்றிக்கொள்வது அந்த மண்ணுக்குப் புதிதல்ல. தேயிலையே வெளியிலிருந்து வந்த செடிதான்.

இப்போது அந்தப் பையனுக்கு அவர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மூத்தவன் திருப்பூரிலிருந்து ஜெர்சி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். மைதானத்தில் அவர் "லெஃப்ட்டுல போடுறா தம்பி" என்று கத்தினால் பையனுக்கு அர்த்தம் புரிகிறது. தமிழ் அந்த அளவுக்கு வந்துவிட்டது. கணக்குப்படி பத்து பேர் தேறிவிட்டார்கள்.

பதினொன்றாவது ஆளுக்காக இளைய மகனிடம் பேசிப் பார்த்தார். சனி, ஞாயிறு என்றால் முடியாது, அன்றைக்குத்தான் ஜீப்புக்கு சவாரி என்று மகன் சொன்னான். மற்ற நாளில் ஆட்டம் வைத்தால் யோசிக்கலாம் என்றான். யோசிக்கலாம் என்ற வார்த்தையை அப்பா சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார். சவாரி இல்லாத நாளில் மாட்டுப்பட்டியின் ஆட்டத்தை வைக்க முடியுமா என்று போட்டி நடத்துகிறவர்களைக் கேட்பதற்காக, அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் மூணாறுக்குக் கிளம்பினார். ஷீல்டுக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன என்று மனைவி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.