4 வருஷம் ராணுவம், அப்புறம்? அக்னிவீரர் கைக்கு வரும் ரூ.11.71 லட்சம் பென்ஷனுக்கு ஈடாகுமா?

அக்னிபத் திட்டத்தில் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் அணியினருக்கு, 2026 இறுதியில் இருந்து 4 ஆண்டு பணிக்காலம் முடிகிறது. இவர்களில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் 21 முதல் 27 வயதுக்குள் சீருடையைக் கழற்றிவிட்டு ஊர் திரும்ப வேண்டும்.

அவர்களுக்கு மாதாந்திர பென்ஷன் கிடையாது. 'சேவா நிதி' என்ற பெயரில் மொத்தமாக ஒரு தொகை மட்டும் கிடைக்கும். அது எவ்வளவு? எவ்வளவு நாளைக்கு வரும்?

பழைய முறையில் ஜவானுக்கு என்ன கிடைக்கும்?

வழக்கமான முறையில் சேரும் சிப்பாய் குறைந்தது 15 ஆண்டு பணி முடித்தால் பென்ஷன் உண்டு. கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி. குறைந்தபட்சம் மாதம் ரூ.9,000. அதற்கு மேல் அகவிலை நிவாரணம். அவருக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம். இதோடு பணிக்கொடை, மருத்துவ வசதி, கேன்டீன் சலுகை, முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்து எல்லாம் சேரும்.

2004-க்குப் பிறகு மத்திய அரசு ஊழியர்களுக்கு புதிய பென்ஷன் திட்டம் வந்தபோதுகூட முப்படையினருக்கு பழைய பென்ஷனே தொடர்ந்தது.

'ஒன் ரேங்க் ஒன் பென்ஷன்'னா என்ன?

ஒரே பதவி, ஒரே பணிக்காலம். ஒருவர் 1990-ல் ஓய்வு பெற்றவர், இன்னொருவர் 2013-ல் ஓய்வு பெற்றவர். சம்பளக் கமிஷன்கள் மாற மாற, முன்னவருக்கு பென்ஷன் குறைவாகவும் பின்னவருக்கு அதிகமாகவும் இருந்தது. இந்த வித்தியாசத்தைப் போக்க வேண்டும் என்று முன்னாள் ராணுவத்தினர் பல ஆண்டுகள் போராடினார்கள். 2015-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

2015 நவம்பர் 7-ல் அறிவிக்கை வந்தது. 2014 ஜூலை 1 முதல் அமல், 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுநிர்ணயம் என முடிவானது. 2022 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மறுநிர்ணயத்தால் 25 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பயன்பெறுவார்கள் என அரசு சொன்னது.

கவனிக்க வேண்டியது, அதே 2022 ஜூன் 14-ல்தான் அக்னிபத்தும் அறிவிக்கப்பட்டது. ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் ஒரு பக்கம் உயர்ந்தது. அதே ஆண்டில் புதிதாகச் சேரும் ஜவானுக்கு பென்ஷன் என்ற பேச்சே இல்லாமல் போனது.

அக்னிவீரருக்கு என்ன கிடைக்கும்?

- முதல் ஆண்டு மாதம் ரூ.30,000. நான்காம் ஆண்டில் ரூ.40,000.
- இதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்தம். அதாவது முதல் ஆண்டில் கைக்கு வருவது ரூ.21,000. கடைசி ஆண்டில் ரூ.28,000.
- 4 ஆண்டில் அவர் போடும் பணம் ரூ.5.02 லட்சம். அரசும் அதே அளவு போடும்.
- வட்டியோடு சேர்த்து சுமார் ரூ.11.71 லட்சம். வருமான வரி கிடையாது.
- பணியில் இருக்கும்வரை ரூ.48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு.
- பென்ஷன், பணிக்கொடை, முன்னாள் ராணுவத்தினர் அந்தஸ்து மூன்றும் இல்லை.

கணக்கு போட்டுப் பார்த்தால்?

ரூ.11.71 லட்சம் என்றதும் பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் அதில் கிட்டத்தட்ட பாதி அவர் சம்பளத்தில் பிடித்த பணம்தான்.

அந்தத் தொகையைத் தொடாமல் வங்கியில் போட்டு, ஆண்டுக்கு 7 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் ரூ.6,830 வரும். சிப்பாயின் குறைந்தபட்ச பென்ஷனைவிட இது குறைவு. விலைவாசி ஏறினாலும் இது ஏறாது.

வேலை கிடைக்கவில்லை, கடைசியாக வாங்கிய ரூ.28,000 அளவுக்கே மாதாமாதம் எடுத்துச் செலவு செய்கிறார் என்றால், வட்டியைச் சேர்க்காமல் சுமார் 42 மாதத்தில் பணம் தீர்ந்துவிடும்.

வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை உண்டா?

தனியார் துறையில் இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளிக்கு வேலை போனால், 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' மூலம் சராசரி ஊதியத்தில் 50 சதவீதம், அதிகபட்சம் 90 நாளுக்குக் கிடைக்கும். ஆனால் முப்படையினர் இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வரமாட்டார்கள். அதனால் அந்த வழி அக்னிவீரருக்கு அடைபட்டது.

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை இருக்கிறதே? பிளஸ் டூ முடித்தவருக்கு அதில் மாதம் ரூ.400. அதற்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் ரூ.72,000-க்குள் இருக்க வேண்டும்.

ஆக, வேலை தேடும் காலத்துச் சாப்பாடு, தொழில் தொடங்க முதலீடு, முதுமைக்குச் சேமிப்பு என மூன்று வேலையையும் அந்த ஒரே தொகைதான் செய்ய வேண்டும்.

அரசு ஏன் இப்படி மாற்றியது?

ராணுவத்தின் சராசரி வயதை 32-ல் இருந்து 26-ஆகக் குறைப்பதே நோக்கம் என்பது அரசின் விளக்கம். இன்னொரு பக்கம் பென்ஷன் செலவும் இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கிய ரூ.6.81 லட்சம் கோடியில் பென்ஷனுக்கு மட்டும் சுமார் ரூ.1.61 லட்சம் கோடி. இந்தச் சுமை நவீன ஆயுதங்களுக்கான பணத்தைத் தின்கிறது என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது.

எதிர்ப்பும் குறையவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் அக்னிபத்தை ரத்து செய்வோம் என்று காங்கிரஸ் வாக்குறுதி கொடுத்தது.

வெளியே வருபவர்களுக்கு என்ன வழி?

துணை ராணுவப் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் 10 சதவீத இட ஒதுக்கீடு, முதல் அணிக்கு 5 ஆண்டு வயது தளர்வு என 2022-லேயே மத்திய அரசு அறிவித்தது. உத்தரப் பிரதேச அரசு 2025 ஜூனில் காவலர் பணியில் 20 சதவீதம் ஒதுக்க முடிவு செய்தது.

ஆனால் இட ஒதுக்கீடு என்பது வேலை உத்தரவு அல்ல. அறிவிப்பு வர வேண்டும், விண்ணப்பிக்க வேண்டும், தேர்வாக வேண்டும். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பதுதான் இங்கே முக்கியம். வெளியே வந்த ஆறாவது மாதத்தில் வேலை கிடைத்துவிட்டால் சேவா நிதி அவருக்கு நல்ல சேமிப்பு. மூன்று ஆண்டு காத்திருக்க நேர்ந்தால் சேமிப்பில் பெரும் பகுதி கரைந்திருக்கும். அப்போது அவருக்கு வயது 30-ஐக்கூடத் தாண்டாமல் இருக்கலாம்.