பெண் மூலம் நிர்மூலமா?

மூல நட்சத்திரத்தில் பிறந்த ஆண் அரசாளுவான் என்றும், அதே நட்சத்திரத்தில் பிறந்த பெண் மாமனாரை நிர்மூலமாக்குவாள் என்றும் சொல்லும் வழக்கம் நமது நாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை. பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரை ஊர்களில், ஜாதகத்தில் மூலம் என்று கண்டதும் வந்த சம்பந்தம் வாசலோடு திரும்பிப் போகின்றது. பெண்ணின் குணம், படிப்பு, சம்பாத்தியம் எதுவும் கவனிக்கப்படுவதில்லை.

இந்த மூலம் என்பதுதான் என்ன? ஆனி, ஆடி மாத இரவில் ஆற்று மணலில் நின்று தெற்கே பார்த்தால், தேள் போன்ற ஒரு நட்சத்திரக் கூட்டம் தெரியும். அதன் கொடுக்கு முனைதான் மூலம். அதன் வெளிச்சம் நம்மிடம் வந்து சேரச் சில நூறு வருஷம் ஆகின்றது. சந்திரன் 27 நட்சத்திரங்களையும் சுமார் 27 நாளில் கடப்பதால், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு நாள் தங்குவதாகக் கணக்கு. அவ்வளவே சங்கதி.

நிற்க. அந்தக் கொடுக்கின் அருகிலேயே, கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரற்கடைத் தூரத்தில், "பூனையின் பாதம்" என்று வானநூலார் பெயரிட்ட ஒரு பெரிய வாயு மேகம் இருக்கின்றது. ஜான் ஹெர்ஷல் என்பவர் 1837-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து இதைக் கண்டார். இவருடைய தகப்பனார் வில்லியம் ஹெர்ஷல் 1800-ல், சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உஷ்ணமானியை வைத்து, அங்கும் சூடு ஏறுவதைக் கண்டவர். அதுவே அகச்சிவப்புக் கதிர். தகப்பன் கண்ட கதிரால்தான் மகன் கண்ட மேகத்தின் உள்ளே இன்று பார்க்க முடிகின்றது. தூசி மண்டலம் சாதாரண வெளிச்சத்தை மறைத்துவிடும்; அகச்சிவப்புக் கதிர் அதை ஊடுருவி வரும்.

அப்படிப் பார்த்ததில் தெரிந்ததென்ன? சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள நட்சத்திரங்கள் அங்கே பிறந்துகொண்டிருக்கின்றன. சுற்றிலும் உள்ள வாயு உள்ளே விழ விழ அவை பருக்கின்றன. விழுவதில் ஒரு பங்கை இரு துருவங்களின் வழியாகவும் வெகு வேகமாய் வெளியே பீய்ச்சுகின்றன. அந்தப் பாய்ச்சல் தாம் பிறந்த மேகத்தையே கிழித்துத் துளைக்கின்றது. 2015-ல் அவற்றுள் ஒன்று திடீரென்று பல மடங்கு பிரகாசித்தது. ஒரே சமயத்தில் மிகுந்த வாயு அதன்மேல் விழுந்ததே காரணம். எந்த மருமகளும் காரணமல்ல. எந்த மாமனாரும் அதனால் சாகவுமில்லை. அந்த வெளிச்சம் புறப்பட்டு நாலாயிரம் வருஷத்துக்கு மேலாகின்றது! 2025-ல் ஜேம்ஸ் வெப் தூரதரிசினி இம்மேகத்தின் ஒரு பகுதியை இன்னும் துலக்கமாகப் படம் பிடித்தது. இம்மாதிரி நட்சத்திரம் பிறக்குமிடங்களை ஆராய நம் நாட்டு டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஹைதராபாத்திலிருந்து பலூனில் 100 சென்டிமீட்டர் தூரதரிசினியை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

இனி ஒரு சிறு கணக்கு. 2011 ஜனக்கணக்குப்படி, அன்றைய பிரிக்கப்படாத திருநெல்வேலி ஜில்லாவில் பெண்கள் சுமார் 15 லட்சத்து 50 ஆயிரம். 27-ல் ஒரு பங்கு மூலம் என்றால் சுமார் 57 ஆயிரம் பெண்கள். இத்தனை பேரும் மாமனாரை நிர்மூலமாக்கினால் ஜில்லாவில் கிழவர்கள் மிஞ்சுவார்களா? 57 ஆயிரம் ராஜாக்கள்தான் எங்கே?

ஜோசியர்களில் சிலர், "ஆனி மூலம்" என்பதே "ஆண் மூலம்" என்று மருவிற்று என்று இப்போது சமாதானம் சொல்லுகின்றனர். அப்படியானால் ஓர் எழுத்துப் பிழைக்காகத் தலைமுறை தலைமுறையாய் வீட்டிலிருந்த பெண்களுக்கு யார் ஜவாப்தாரி என்று கேட்கின்றோம். பிழையைத் திருத்தினாலும், ஆனி மாதம் பிறந்தவன் அரசாளுவான் என்பதற்கு என்ன ருஜு?

ஆகவே தோழர்களே! ஜாதகம் கேட்கும் வீட்டில் பெண் கொடாதீர்கள். நீங்கள் பெண் கேட்கும்போது ஜாதகம் கேளாதீர்கள். புரோகிதரும் பஞ்சாங்கமும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1967-ஆம் வருஷத்துச் சட்டத்தால் செல்லுபடியாகி இருக்கின்றது. கொக்கிரகுளத்தில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கின்றது. உங்கள் பெண்மக்களை அங்கே அழைத்துப் போய், மூலத்தைப் பற்றிக் கேட்கச் செய்யுங்கள். அதைக் கண்டு அவர்கள் பயப்பட வேண்டாம், ஆராயட்டும்.